சூடம் ஏற்றும் முன் ஒரு மழைக்கணக்கு

நான் பார்க்கிற வேலையின் பலன் என் அக்காவின் போனுக்கு வந்து சேர்கிறபோது, அவள் ஏலச்செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றுகொண்டிருப்பாள். ‘இன்று அதிகாலை போடிமெட்டு மலைச்சாலையில் பயணம் செய்வதைத் தவிர்க்கவும்’ என்று அந்தக் குறுஞ்செய்தி கெஞ்சும். அதே அதிகாலையில் அதே சாலையில் ஜீப்பில் ஏறி வந்து, பாதி நாள் வேலையையும் முடித்துவிட்ட பெண்களுக்கு அக்கா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம். சிரிப்பில் சிலருக்குப் புரையேறுமாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், காலில் ஒட்டியிருக்கிற அட்டையை உப்பு வைத்து உதிர்த்துக்கொண்டே என்னையும் ஒரு பிடி பிடிப்பாள்.

“விடியக்காலம் பெஞ்ச மழைக்கு மத்தியானம் குடை கொண்டாரச் சொல்லுது உங்க ஆபீசு. இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சம்பளம்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவள் மேல் இல்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லையே.

மலைச்சாலையில் போகிறவர்களை மண்சரிவுக்கு முன்னால் எச்சரிக்கிற ஒரு திட்டத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. அலுவலகம் தூரத்து நகரம் ஒன்றில், கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. நான் போடியில், வீட்டு மாடியறையில், லேப்டாப்போடு இருந்தேன். திட்டத்தின் தலைவரை எல்லோரும் சார் என்போம். சாருக்கு மலை என்றால் கொடைக்கானல். அதுவும் ஓட்டல் அறையின் ஜன்னல் வழியாகத் தெரிகிற கொடைக்கானல். எங்கள் சாலையை அவர் படத்தில் பார்த்து “ரொம்ப அழகா இருக்கே” என்று சொன்னதோடு சரி.

அழகுதான். அந்த அழகில்தான் தினமும் விடிவதற்கு முன்னால் போடியிலிருந்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். முன்சீட்டில் நாலு பேர், பின்னால் மடிமேல் மடியாக மற்றவர்கள், எல்லாருக்கும் அடியில் சோத்துத் தூக்குவாளிகள். முந்தலில் மலை ஆரம்பிக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கருப்பசாமி இருக்கிறார். எங்கள் அக்கா போகிற ஜீப்பின் டிரைவர் அண்ணன் அங்கே நிறுத்தி, இறங்கி, சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார். சூடம் ஏற்றிவிட்டால் வண்டி போடிப் பக்கம் திரும்பக் கூடாது. அது அவருடைய சட்டம். அவருடையது மட்டுமில்லை, அந்தப் பாதையில் ஓடுகிற முக்கால்வாசி டிரைவர்களின் சட்டம். ஒரு தடவை சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு பெண்ணுக்கு வீட்டில் கேஸ் அடுப்பை அணைக்கவில்லையோ என்று சந்தேகம் வந்திருக்கிறது. ஊரே பற்றி எரிந்தாலும் வண்டி திரும்பாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் இறங்கி, எதிரே வந்த காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு போனாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

இதை நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கெடு தேவைப்பட்டபோது அந்தச் சூடத்தைவிடத் தெளிவான கெடு கிடைக்கவில்லை. மழைக்கணக்கு சூடத்துக்கு முன்னால் வந்தால் அது எச்சரிக்கை. பின்னால் வந்தால் இழவுச் செய்தி. நடுவில் ஒன்றுமே கிடையாது. இதை அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் சொன்னேன். “இன்ட்ரஸ்டிங் கல்ச்சுரல் இன்புட்” என்று சார் குறித்துக்கொண்டார்.

போடியில் நின்று பார்த்தால் மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆடி மாதத்தில் ஊருக்குள் காற்றும் புழுதியுமாக இருக்கும், வானத்தில் நட்சத்திரம் தெரியும். மேலே கேரளத்துப் பக்கம் விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். மேலே இருப்பவர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் ஆயிற்று, இதற்கு எதற்கு வானத்தில் ஒரு செயற்கைக்கோள் என்று அக்காவே ஒரு நாள் கேட்டாள். கேட்கலாம்தான். எஸ்டேட் கங்காணிதான் போனை எடுப்பார். காய் பழுத்து உதிர்கிற நேரத்தில் அவருக்கு ஆள் வேண்டும். கூரை பிய்ந்து போகிற மழையிலும் “மழையொண்ணும் இல்லா, சும்மா தூறலு, நீங்க வாங்க” என்பார். அவர் சொன்னது நிஜமாகவே தூறலாக இருந்தாலும் பிரயோசனமில்லை. மண் இடம் விடுவது அன்றைய மழையால் மட்டும் இல்லை; ஐந்தாறு நாளாக ஊறிய ஊறல்தான் கடைசியில் ஒரு தூறலில் சரிந்து விழும்.

அதனால் எங்களுக்கு ஐந்தாறு நாள் மழை முழுவதும் வேண்டும். செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு ஃபைல் தருகிறது. ஒவ்வொரு ஃபைலிலும் நாடு முழுக்கப் பெய்த மழை இருக்கும், சுற்றியுள்ள கடலில் பெய்ததும் சேர்த்து. அதில் எங்கள் சரிவு ஒரு எறும்பு அளவுக்குக்கூட இருக்காது. இந்த ஃபைல்கள் எல்லாம் கிளவுடில் கிடக்கின்றன. கிளவுடு என்றால் ஏதோ ஆகாயத்தில் மிதக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கோ ஒரு ஊரில் ஏசி போட்ட கிடங்கு, அவ்வளவுதான்.

அந்த ஃபைல்களின் அமைப்பு, ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் மேசைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டருக்காக எந்தக் காலத்திலோ செய்தது. ஃபைலுக்குள் எது எங்கே இருக்கிறது என்ற விவரம் ஓரிடத்தில் இருக்காது, அங்கங்கே சிதறிக் கிடக்கும். முதல் துண்டைப் படித்தால் இன்னோர் இடத்துக்குப் போகச் சொல்லும். அங்கே போனால் வேறோர் இடம். அரசாங்க ஆபீசில் இந்த ஜன்னலுக்குப் போ, அந்த ஜன்னலுக்குப் போ என்று அலைய விடுவார்களே, அதே கதை. மேசைக்கு அடியிலேயே ஃபைல் இருந்தால் இந்த அலைச்சல் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ஃபைல் வேறு ஊர்க் கிடங்கில் இருந்தால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு தடவை ஊர்விட்டு ஊர் போய் வரவேண்டும். ஒரு ஃபைலுக்கு இத்தனை தடவை என்றால் ஐந்தாறு நாள் ஃபைல்களுக்கு எத்தனை தடவை? என் புரோகிராம் விடியுமுன் கிளம்பி, அலைந்து திரிந்து, கணக்கோடு வரும்போது போடியில் காலைப் பலகாரக் கடைகளில் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

இதைச் சரிசெய்ய அலுவலகம் எடுத்த முயற்சிகளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதலில் பெரிய மெஷின் வாங்கினார்கள். மெஷின் வேலை செய்ததால் நேரமாகவில்லை, பதிலுக்காகக் காத்துக்கிடந்ததால்தான் நேரமானது என்று நான் எழுதி எழுதி ஓய்ந்தேன். பஸ்சு வரவில்லை என்று நிற்கிறவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. பெரிய மெஷின் பெருமையோடு காத்துக்கிடந்தது.

அடுத்து ஓர் ஆலோசகர் வந்தார். அவருடைய மடிப்புக் கலையாத சட்டையும், எதையும் முழுதாகக் கேட்காமல் தலையாட்டுகிற அழகும் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. “சின்னதா இருந்தா சீக்கிரம் வரும்” என்பது அவர் கண்டுபிடிப்பு. ஃபைல்களை எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கச் சொன்னார். நறுக்கினார்கள். முன்பு ஆயிரம் நடை போனது போக இப்போது பல ஆயிரம் நடை போக வேண்டியதாயிற்று. எடுத்த காயை மூட்டை கட்டாமல் ஒவ்வொரு காயாக ஜீப்பில் கொண்டுபோய் இறக்குகிற ஆளை எங்கள் மலையில் ஒரு பொழுதுகூட வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள். இவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். அந்த மாதத்திலிருந்து அக்காவுக்குக் குறுஞ்செய்தி மத்தியானச் சோற்றுக்குப் பதிலாகச் சாயங்கால டீக்கு வரத் தொடங்கியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் உச்சம். சாரின் அறையில் சுவர் அளவுக்கு ஒரு டிவி வைத்து எங்கள் சரிவின் நிலவரத்தைக் காட்டுவார்கள். கணக்கு வந்து சேரும்வரை அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு அந்த வட்டம் அலுப்பூட்டுகிறது என்று சார் வருத்தப்பட்டார். உடனே ஒரு குழு உட்கார்ந்து யோசித்து, வட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு குட்டி மேகம் சிரித்துக்கொண்டே மழை பொழிகிற படத்தை வைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வீட்டிலிருந்தபடி கேமராவில் தட்டினேன். அந்த நேரம் அக்கா மலையில் இருந்தாள்.

யாரையும் கேட்டுப் பிரயோசனமில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நான் செய்ததில் மேதாவித்தனம் ஒன்றும் கிடையாது. உலகத்தில் இதே தொல்லையோடு மல்லுக்கட்டிய எத்தனையோ பேர் செய்து வைத்திருப்பதுதான். ஒவ்வொரு ஃபைலும் கிடங்குக்கு வந்த கையோடு, அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை முழுக்க அலைந்து பார்த்துவிட வேண்டும். பார்த்ததை எல்லா ஃபைலுக்கும் சேர்த்து ஓரிடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். அதன் பிறகு புரோகிராம் எந்த ஜன்னலுக்கும் போக வேண்டாம். அந்தக் குறிப்பைப் பார்த்து, ‘இந்த ஃபைலில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரைக்கும் மட்டும் கொடு’ என்று நேராகக் கேட்கலாம். கடலும் வேண்டாம், காஷ்மீரும் வேண்டாம். அடுத்தடுத்து இருக்கிற துண்டுகளை ஒரே கேள்வியில் வாங்கலாம். ஒன்றின் பதில் வரும்வரை வாய்பார்த்து நிற்காமல் எல்லாக் கேள்விகளையும் ஒன்றாக அனுப்பிவிடலாம். ஆலோசகரின் பொடியையும் கூட்டி அள்ளி, எங்கள் சரிவின் மழை முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி மூட்டை கட்டினேன்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்குவதற்குள் ஆறு நாள் மழை வந்து திரையில் உட்கார்ந்துவிட்டது. எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு “கிறுக்கச்சி” என்றாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை.

மீட்டிங்கில் சொன்னேன். சார் அசந்துபோனார். “நம்ம டீம் என்ன சாதிச்சிருக்கு பாருங்க” என்று மேலிடத்துக்கு எழுதினார். நம்ம டீம் அதுவரை சிரிக்கிற மேகத்தைத்தான் சாதித்திருந்தது. பரவாயில்லை, பெயர் யாருக்கோ போகட்டும், கணக்கு சூடத்துக்கு முன்னால் போனால் போதும் என்று இருந்தேன்.

ஆனால் அடுத்த மீட்டிங்கில் சாரின் முகம் வேறு மாதிரி இருந்தது. கணக்கு இவ்வளவு வேகமாக வந்தால் குறுஞ்செய்தியும் ஜீப்பு கிளம்புமுன் போய்விடுமே என்றார். ஆமாம் சார், அதற்குத்தானே என்றேன். “போயி, யாரும் மலையேறாம நின்னு, அன்னைக்குன்னு ஒரு கல்லும் விழலைன்னா? எஸ்டேட்காரங்க யாரைக் கேப்பாங்க?” அதனால் இனிமேல் எந்தச் செய்தியும் பொறுப்பான அதிகாரி ஒருவர் பார்த்து, ஒப்புதல் பட்டனை அழுத்திய பிறகுதான் போகும் என்று முடிவானது. பொறுப்பான அதிகாரி என்றால் சார். சார் அலுவலகத்துக்கு வந்து, டீ குடித்து, டிவியில் மேகம் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அழுத்துவார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை காலமும் ஒப்புதல் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஏனென்றால் மத்தியானம் வருகிற எச்சரிக்கையால் யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. மழை பெய்து முடிந்து, கல் விழவேண்டியது விழுந்து, எல்லாம் தெரிந்த பிறகு வருகிற செய்தியில் தப்பாகப் போவதற்கு என்ன இருக்கிறது? ஃபைல் மெதுவாக வந்தது அவர்களுக்குத் தொந்தரவே இல்லை. அதுதான் அவர்களுடைய பாதுகாப்பு. நான் அதில் போய்க் கையை வைத்துவிட்டேன்.

ஆடி மாதத்தில் அந்த நாள் வந்தது. அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டாள். நான் கணக்கை ஓட்டினேன். வாசலில் அவள் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் வந்துவிட்டது. எங்கள் சரிவில் நாள் கணக்காக ஊறியது போதாதென்று, அன்றிரவும் கொட்டித் தீர்த்திருந்தது. திரையில் அந்த எறும்பளவு இடம் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். போடிக்கு மேலே நட்சத்திரம் மின்னியது. செய்தி தயாராக இருந்தது. அதற்குக் கீழே ‘ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்று அடக்கமாக ஒரு வரி.

சாருக்குப் போன் போட்டேன். எடுத்ததே பெரிய விஷயம். “ஆபீஸ் வந்து பாக்குறேனே” என்று தூக்கக் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அக்காவுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் போனை மழைக்குப் பயந்து பாலித்தீன் பையில் சுற்றி, தூக்குவாளிக்குப் பக்கத்தில் திணித்து வைப்பார்கள். அது எவ்வளவு அலறினாலும் கேட்காது. டிரைவர் அண்ணன் வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முந்தலுக்குப் பறந்தேன். வழியெல்லாம் சாரைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் தீர்ந்துபோய், அக்காவிடம் கேட்டுப் பழகியவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது கருப்பசாமிக்கு முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

“ஏறாதீங்கண்ணே. மேல மண்ணு ஊறிக் கெடக்கு. இன்னிக்கு வேண்டாம்” என்றேன், மூச்சு வாங்க.

டிரைவர் அண்ணன் என்னையும் சூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏத்தியாச்சே தாயி. கொஞ்சம் வெரசா வந்திருக்கக் கூடாதா? மெசேஜு ஒண்ணும் வரலியே.”

“வரும்ணே. பத்து மணிக்கு மேல வரும்.”

ஜீப்புக்குள் சிரித்தார்கள். கங்காணியிடம் கேட்டாகிவிட்டது, மழை இல்லை என்று சொல்லிவிட்டார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொரு குரல், வானத்தைப் பாரு புள்ள, நட்சத்திரத்த எண்ணலாம் என்றது. அக்கா மட்டும் இறங்கி என் கிட்டே வந்தாள்.

“நீ பாத்தியா, ஆபீசு பாத்துச்சா?”

“நான் பாத்தேன்க்கா.”

“அப்பச் சரி.” அவள் டிரைவர் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, சூடம் ஏத்துனா திரும்பத்தான கூடாது? நிக்கலாம்ல?”

அவர் யோசித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “நிக்கிறதப் பத்தி யாரும் ஒண்ணும் சொன்னதில்ல” என்று சாமியைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டுவிட்டு, வண்டியை ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஜீப்பு மலையைப் பார்த்தபடியே நின்றது.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு நாள் கூலிக்கு நானா பதில் சொல்வேன் என்று கேட்டார்கள். பின்னால் வந்த ஜீப்புகள் எங்களைக் கடந்து போயின. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, “என்னண்ணே, வண்டி படுத்துருச்சா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுச் சூடம் ஏற்றினார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மெசேஜ் வரட்டும் பாப்பா என்றார். அவர் நம்பரும் எங்கள் திட்டத்தில் இருந்தது. நியாயமாகத்தான் சொன்னார். போய்விட்டார்.

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் அந்த ஜீப்பு கீழே இறங்கி வந்தது. முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி இல்லாமல். ஒரு வளைவில் மேட்டிலிருந்து மண்ணும் கல்லும் அவர்கள் கண்ணெதிரே இறங்கியிருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதித்ததில் பாதிப் பேர் தப்பினார்கள், பாதிப் பேருக்கு அடி. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு பெண்ணுக்குக் கை உடைந்திருந்தது, ஒருத்திக்கு நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். டிரைவர் அண்ணன் அவர்களை எங்கள் ஜீப்பில் மாற்றி ஏற்றினார். சூடம் ஏற்றிய வண்டியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடிப் பக்கம் திருப்பினார். சாமியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு முழுக்க அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் தூக்குவாளிப் பைகள். கட்டுப் போட ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தபோது எல்லாப் பைகளும் ஒரே நேரத்தில் சிணுங்கின. நெற்றியில் கட்டுப் போட்டிருந்த பெண் குனிந்து, பாலித்தீனைப் பிரித்து, போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். “கண்ணு மறைக்குது. என்ன போட்டிருக்குன்னு வாசி.”

இன்று அதிகாலை போடிமெட்டு மலைச்சாலையில் பயணம் செய்வதைத் தவிர்க்கவும் என்று வாசித்தேன். அந்தப் பெண் போனை வாங்கி மறுபடியும் பாலித்தீனில் சுற்றினாள். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். துக்கமெல்லாம் இல்லை, சுத்தமான கோபம்.

சாயங்காலம் சார் அழைத்தார். எங்கள் ஜீப்பு நின்ற கதை அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. நம் எச்சரிக்கையால் ஒரு ஜீப்பு முழுக்கப் பெண்கள் காப்பாற்றப்பட்டிருக்கிறார்கள், படத்தோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பு என்றார். அடுத்த மூச்சிலேயே, ஒப்புதலுக்கு முன்னால் நீயாகப் போய் ஏதும் சொல்லவில்லையே என்று கேட்டார். நானாகப் போய்த்தான் சொன்னேன் என்றேன். அதை எழுத வேண்டாம் என்றார். ஒப்புதல் பட்டனை எடுத்துவிடலாமா என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அந்தக் குழு இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் ஜீப்புக்கு அந்தக் குழு தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து டிரைவர் அண்ணன் முந்தலில் நிறுத்தி, சூடத்தைக் கல்லின் மேல் வைத்து, தீப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் போடுகிறார். “தாயி, ஏத்தலாமா?” நான் கணக்கைப் பார்த்து “ஏத்துங்கண்ணே” என்பேன். அதற்கப்புறம்தான் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்கும். இப்போது மற்ற ஜீப்புகளும் அவருக்குப் பின்னால் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டு போகின்றன. கொஞ்ச நாள் எல்லாம் சுகமாகத்தான் போனது. திரையில் எங்கள் சரிவு வெள்ளையாக இருந்தால் ஏறு, சிவப்பாக இருந்தால் நில். சாரை நினைத்து உதட்டைச் சுழித்துக்கொண்டே சொல்லிவிடுவேன்.

போன வாரம் ஒரு நாள் அவர் கேட்டபோது திரையில் வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. நடுவில் ஏதோ ஒரு மஞ்சள். மண் ஊறியிருக்கிறது, ஆனால் இடம் விடுகிற அளவுக்கா என்று சொல்ல முடியாது. நிற்கச் சொன்னால் அத்தனை ஜீப்பின் கூலியும் போகும். ஏறச் சொன்னால் அக்கா உள்ளே இருக்கிறாள். ஃபைல் எப்போதும் போலக் கண்ணிமைக்கிற நேரத்தில் வந்துவிட்டது. நான்தான் அந்த மஞ்சளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஜீப்பு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

“தாயி? ஏத்தவா?”

“நில்லுங்கண்ணே” என்றேன்.

நின்றார்கள். விடிந்தது. வெயில் ஏறியது. மலையில் ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. அதற்குமேல் போனால் அரை நாள் கூலிகூடக் கிடைக்காது என்று, மத்தியானம் எல்லோரும் வீடு திரும்பினார்கள். அக்கா தூக்குவாளியைச் சமையலறையில் ணங்கென்று வைத்தாள். மலையில் தின்ன வேண்டிய சோற்றை வீட்டுத் தரையில் உட்கார்ந்து பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

“ஒரு கல்லு விழுந்துச்சா? ஒரு சொட்டு மழை உண்டா? எத்தன பேரு சோலி கெட்டுச்சு தெரியுமா? பெரிய இவ மாதிரி நில்லுங்கண்ணேன்னுட்ட. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்த ஜீப்புல ஏறுவேன்?”

சார் ஆயிருந்தால் இதைத் தவறான எச்சரிக்கை என்று ஒரு கட்டத்துக்குள் எழுதி, சிவப்பு மையில் சுழித்திருப்பார். அக்கா விடாமல் திட்டினாள். என் படிப்பைத் திட்டினாள், லேப்டாப்பைத் திட்டினாள், வானத்தில் சுற்றுகிறதையும் விட்டுவைக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். தட்டில் சோறு தீர்ந்தபோது இன்னொரு கரண்டி போட்டேன்.